இறுகல்: நாடிச்சுவருக்கு எந்தச் சொல்லு சரி?

வெள்ளவத்தையில எங்களுக்கு மேல்மாடியில இருக்கிற மாமிக்குப் போன மாசம் எக்கோ, அதுதான் இதய ஸ்கேன், எடுத்தவை. ரிப்போட்டில பல்மனரி ஹைப்பர்டென்ஷன் எண்டு இருந்தது, அதை ஆரோ "பிரஷர்" எண்டு மட்டும் சொல்லிவிட மாமி அண்டைக்கே உப்பைக் குறைச்சிட்டா. பிறகு ஃபார்மசியில கையில பட்டி கட்டிப் பாத்தா 120/80. "தம்பி, என்ர பிரஷர் நல்லாத்தானே இருக்கு, பிறகேன் படி ஏறேக்க இப்பிடி மூச்சு வாங்குது?" எண்டு கேட்டா. இன்னொரு சொந்தக்காரர் வந்து "அது நாடியில அடைப்பு" எண்டுட்டார். ரெண்டு சொல்லும் மாமியைக் குழப்பினதுதான் மிச்சம்.

பல்மோ எண்டா லத்தீன்ல நுரையீரல், எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில சுவாசப்பை. ஹைப்பர் கிரேக்கம், மிகை. டென்ஷன் லத்தீன், இழுபடுறது. ஆக இது கையில பாக்கிற பிரஷர் இல்ல, இதயத்தின்ர வலது பக்கத்தில இருந்து சுவாசப்பைக்குப் போற நாடிக்குள்ள இருக்கிற அமுக்கம். அங்க சராசரி வழமையா 14 மில்லிமீற்றர் மேர்க்குரி அளவுதான். முந்தி 25ஐத் தொட்டாத்தான் வருத்தம் எண்டவை, 2018க்குப் பிறகு 20ஐத் தாண்டினாலே கணக்கு. எக்கோ ஒரு மதிப்பீடுதான் தரும், சரியா அளக்கிறதெண்டா வலது இதயத்துக்குள்ள மெல்லிய குழாய் விட்டுத்தான் அளக்கவேணும்.

இந்த நாடிக்கு இங்கிலீசில ஆர்ட்டரி, அந்தச் சொல்லுக்கு நல்ல கதை இருக்கு. பழைய கிரேக்கத்தில ஆர்ட்டீரியா எண்டா மூச்சுக்குழாய். செத்த உடம்பை வெட்டிப் பாத்தா இந்தக் குழாயள் வெறுமையாக் கிடக்கும், அதால காத்துப் போற வழி எண்டு நினைச்சிட்டினம், ரெண்டாம் நூற்றாண்டில கேலன் தான் அதுக்குள்ள ரத்தம் ஓடுது எண்டு காட்டினவர். தமிழ்நாட்டுப் புத்தகங்கள்ல வாற தமனி, வடமொழியில ஊதுறதுக்குள்ள வேர்ச்சொல்லில இருந்து வந்தது, அங்கயும் காத்து! நாங்க இலங்கையில நாடி எண்டுதான் படிச்சம். அதுவும் வடமொழிதான், தண்டு, குழாய் எண்டு பொருள். நாடி பிடிச்சுப் பாக்கிறதும் அதேதான், ஆனா நாடியில கை வைச்சு யோசிக்கிறம் எண்டேக்க அது முகத்தில இருக்கிறது, இடம் பாத்துத்தான் விளங்கவேணும்.

இப்ப முக்கியமான சொல்லு, ஸ்டிஃப்னஸ், இந்த வருத்தத்தில நாடிச்சுவர் வளைஞ்சு குடுக்காமப் போறது. சிலர் விறைப்பு எண்டு எழுதுகினம். எங்கட ஆக்களிட்ட கால் விறைச்சிட்டுது எண்டா மரத்துப் போச்சு எண்டுதான் எடுப்பினம். தடிப்பு எண்டா மொத்தம் கூடினது மட்டும்தான் தெரியும், சுவர் வளைஞ்சு குடுக்காமப் போனது அதில வராது. வைரம் பாஞ்சிட்டுது எண்டு சொல்லிப் பாத்தன், அழகான சொல்லு, ஆனா வைரம் பாஞ்ச உடம்பு எண்டா நாங்க மெச்சிச் சொல்லுறது, வருத்தக்காரருக்கு அதைச் சொல்ல மனம் வரேல்ல.

இறுகல் தான் பொருத்தம் எண்டு நினைக்கிறன். சீமெந்து தானா இறுகுது, கயித்தை நாங்க இறுக்கிறம். அந்த ஒரு ககரத்தில தமிழ் ரெண்டு விசயத்தையும் பிரிச்சு வைச்சிருக்கு. இந்த வருத்தத்திலயும் ரெண்டு நடக்குது. நாடியைச் சுத்தியிருக்கிற தசை சுருங்கி இறுக்கிறது ஒண்டு, சில்டெனாஃபில் மாதிரி மருந்துகள் அந்தத் தசையைத்தான் தளர்த்துது. மற்றது சுவரே இறுகிப் போறது: இழுபட்டுத் திரும்பி வர விடுற எலாஸ்டின் நார் சிதையுது, கொலாஜன் எண்ட உறுதியான நார் கூடுது, அந்த நாருகள் ஒண்டோட ஒண்டு குறுக்கால பிணைபடுது, தசைக் கலங்களும் பெருகுது. இதில பொல்லாத சங்கதி என்னெண்டா, சுவர் இறுகினதைக் கலங்கள் உணர்ந்து இன்னும் பெருகி இன்னும் கொலாஜன் போடும், இறுகலே இறுகலைப் பெறும். இதைத் திருப்பி எடுக்கிறது லேசில்ல.

மாமியை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு ஹோஸைக் காட்டினன். புதுசுக்கு டெப்பைத் திறந்தா தண்ணி வாற வேகத்துக்குக் கொஞ்சம் பொம்மி இடம் விடும். வெயிலில கிடந்து இறுகின பழசு அசையாது, ஓட்டைக்குள்ள ஒரு அடைப்பும் இல்ல, ஆனா தள்ளின வேகம் முழுக்கத் திரும்பி டெப் பக்கம் தாக்கி, கிளிப் கழண்டு விழுந்துது. அந்த டெப் இருக்கிற இடத்திலதான் வலது இதயவறை இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் கூடத் தள்ளித் தள்ளி முதல்ல அது மொத்தமாகும், பிறகு வீங்கிக் களைக்கும், அப்பதான் மூச்சு வாங்கிறதும் கால் வீங்கிறதும்.

அடைப்பு எண்ட சொல்லு எப்பவும் பிழையில்ல, பழைய ரத்தக்கட்டி நிண்டு வாற ஒரு வகை இருக்கு, அங்க அது சரி. மாமிக்கு அது இல்லையாம், ஸ்கேனில பாத்திட்டினம்.

நேற்று கனடாவில இருக்கிற மகளோட கதைக்கேக்க மாமி சொன்னா, "கைப் பிரஷரும் இல்லப் பிள்ளை, அடைப்பும் இல்ல, சுவாசப்பைக்குப் போற நாடி இறுகிட்டுதாம்."