வயதைச் சொல்லாமலே வயதை நிரூபிக்க முடியுமா?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கம்ப்யூட்டரை முதல்முறை ஆன் செய்யும்போதே வயதைக் கேட்க வேண்டும் என்று சட்டம் வருகிறதாமே. மெஷினுக்கு என் வயது எப்படித் தெரியும்? அடையாள அட்டையைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பித்தான் ஆக வேண்டுமா?"

இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டியதில்லை. உங்கள் பெயர், பிறந்த தேதி, முகம் எதையும் காட்டாமல் "எனக்குப் பதினெட்டு ஆகிவிட்டது" என்பதை மட்டும் எதிராளி நம்பும்படி நிரூபிக்க வழி இருக்கிறது. அதன் பின்னால் இருக்கும் கணக்கைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை, ஆனால் சட்டங்கள் என்ன கேட்கின்றன என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு அங்கே போவோம்.

வாசகர் குறிப்பிடுவது அநேகமாக அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமாக இருக்கும். ஏ.பி. 1043 என்று பெயர், 2025 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார், 2027 ஜனவரி 1 முதல் அமல். இது இணையதளங்களை விட்டுவிட்டு நேராக இயங்குதளத்தை, அதாவது விண்டோஸ், ஆண்ட்ராய்டு போன்ற அடிப்படை மென்பொருளைப் பிடிக்கிறது. கணக்கு தொடங்கும்போது பயன்படுத்தப்போகிறவரின் வயதையோ பிறந்த தேதியையோ இயங்குதளம் கேட்க வேண்டும். செயலி ஏதாவது கேட்டால் தேதியைக் கொடுக்காமல், 13-க்குக் கீழ், 13 முதல் 15, 16 முதல் 17, 18-ம் அதற்கு மேலும் என்ற நான்கு வகையில் எது என்று மட்டும் சொல்ல வேண்டும். கவனியுங்கள், இதில் சரிபார்ப்பே கிடையாது. அட்டை கேட்பதில்லை, முகம் பார்ப்பதில்லை, பெற்றோர் தட்டச்சு செய்வதுதான் கணக்கு. ஆனால் அந்தத் தகவல் வந்தபின் "எங்களுக்குக் குழந்தை என்று தெரியாது" என்று செயலி நிறுவனம் கைவிரிக்க முடியாது. சட்டத்தின் பல் அங்கேதான் இருக்கிறது. கவனக்குறைவு என்றால் ஒரு குழந்தைக்கு 2,500 டாலர் வரை, வேண்டுமென்றே என்றால் 7,500 டாலர் வரை அபராதம்.

மற்ற இடங்களில் இவ்வளவு மென்மையாக இல்லை. அமெரிக்க மாநிலங்களான யூட்டாவும் டெக்சாஸும் ஆப் ஸ்டோரே வயதைச் சரிபார்க்க வேண்டும் என்று 2025-ல் சட்டம் போட்டன. டெக்சாஸ் சட்டம் அமலுக்கு வரவிருந்த நேரத்தில், டிசம்பரில், கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று அதற்குத் தடை விதித்தது. பிரிட்டனில் 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்கள் "மிகவும் பயனுள்ள" முறையில் வயதை உறுதிசெய்ய வேண்டும், வெறுமனே "எனக்கு 18 ஆகிவிட்டது" என்ற பொத்தான் செல்லாது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கே கூடாது, மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம்.

சரி, இவர்கள் எப்படிச் சரிபார்க்கிறார்கள்? இப்போது பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, செல்ஃபி எடுத்து வயதை மதிப்பிடும் மென்பொருள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024-ல் ஆறு மென்பொருள்களைச் சோதித்தபோது, விசா படங்களில் சிறந்த மென்பொருளின் சராசரிப் பிழையே சுமார் மூன்று வருஷம் இருந்தது. பெண்களின் முகங்களில் பிழை இன்னும் அதிகம். 12 வயதையும் 40 வயதையும் பிரிக்க அது போதும், 17-ஐயும் 18-ஐயும் பிரிக்கப் போதவே போதாது. அதனால்தான் எல்லையைக் கொஞ்சம் தள்ளி 21, 25 என்று வைக்கிறார்கள், நடுவில் மாட்டிக்கொள்பவர்களை அட்டை காட்டச் சொல்கிறார்கள்.

அந்த அட்டைதான் இரண்டாவது வழி, எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான். டிஸ்கார்ட் என்ற உரையாடல் செயலி நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஒரு வெளி நிறுவனத்தின் வழியாக, சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் திருட்டுப் போயிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே அறிவித்தது. வயது பற்றிய முறையீட்டுக்காக மக்கள் அனுப்பிய படங்கள் அவை. ஆமா, இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல வேண்டிய கேள்விக்குப் பெயர், முகவரி, புகைப்படம், அட்டை எண் எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்டது வயது, வாங்கிக்கொண்டது ஆளையே.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட விஷயம்.

கறந்த பால் மடி ஏறாது என்பார்கள். கணினி உலகில் அப்படி ஒரு சமாசாரம் இருக்கிறது, ஹாஷ் என்று பெயர். எந்தத் தகவலைக் கொடுத்தாலும் நிர்ணயமான நீளத்தில் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். பரவலாகப் பயன்படும் ஷா-256 என்ற ஹாஷ் தருவது 256 பிட் எண் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1), தசமத்தில் எழுதினால் 78 இலக்கம் வரை வரும். ஒரே தகவலுக்கு எப்போதும் ஒரே விடை, ஒரு எழுத்தை மாற்றினால் விடையில் ஏறக்குறைய பாதி பிட்கள் மாறிவிடும். போவது நொடியில், ஆனால் விடையிலிருந்து மூலத்துக்குத் திரும்ப, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைவிட நல்ல வழி இதுவரை யாருக்கும் தெரியாது. 256 பிட்டுக்கு அப்படிப் போட்டுப் பார்க்கப் பிரபஞ்சத்தின் ஆயுளும் காணாது.

அப்படியானால் பிறந்த தேதியை ஹாஷ் செய்து கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. நூறு வருஷத்தில் மொத்தமே 36,500 சொச்சம் தேதிகள்தான், எல்லாவற்றையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண லேப்டாப்புக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். ஹாஷ் திரும்பிப் போகாதது உண்மை, ஆனால் கிளம்பிய இடங்கள் கொஞ்சமாக இருந்தால் எல்லா இடத்திலிருந்தும் கிளம்பிப் பார்த்துவிடலாம்.

ஆகவே கிளம்பும் இடத்தை யாரும் ஊகிக்க முடியாததாக வைக்க வேண்டும். ஒரு படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள், இறங்க மட்டுமே முடியும், ஏற முடியாது. உங்களுக்கு 25 வயது. வயதுக்குச் சான்று தரும் அலுவலகம் உங்களுக்காக ஒரு ரகசிய எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது, அதுதான் உச்சிப் படி. அதை ஹாஷ் செய்தால் அடுத்த படி, வருவதை மறுபடி ஹாஷ் செய்தால் அதற்கடுத்த படி. இப்படி 25 முறை இறங்கி, வந்து நிற்கும் தரையில் தன் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது வேறு யாரும் போலியாகப் போட முடியாத முத்திரையைப் போடுகிறது. உச்சியின் ரகசிய எண்ணும் முத்திரை போட்ட தரை எண்ணும் உங்கள் போனில் இருக்கின்றன.

இப்போது ஒரு தளம் பதினெட்டு ஆயிற்றா என்று கேட்கிறது. உங்கள் போன் உச்சியிலிருந்து 7 படி இறங்கி, அங்கே கிடைக்கும் எண்ணையும் முத்திரை போட்ட தரை எண்ணையும் கொடுக்கிறது. தளம் அந்த எண்ணிலிருந்து 18 படி தானே இறங்கிப் பார்க்கும். 7-ம் 18-ம் 25, சரியாகத் தரையில் வந்து நிற்கும். முத்திரை செல்லுமா என்று பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடும்.

அந்தத் தளத்துக்கு உங்கள் வயது தெரியுமா? தெரியாது. அதன் கையில் இருப்பது ஏதோ ஒரு படி, அதற்கு மேலே ஏழு படி இருக்கிறதா, எழுபது இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று ஏறிப் பார்க்க முடியாதே! சரியாகப் 18 ஆனவர் உச்சி எண்ணையே கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் பார்க்க அதுவும் மற்றப் படிகளைப் போலவே இருக்கும்.

சரி, 15 வயதுப் பையன் ஏமாற்ற நினைத்தால்? அவனுடைய தரை உச்சியிலிருந்து 15-வது படி. தளம் 18 படி இறங்கி அந்தத் தரைக்கு வர வேண்டுமென்றால், அவன் உச்சிக்கும் மூன்று படி மேலே ஒரு எண்ணைத் தர வேண்டும். அதாவது ஹாஷை மூன்று முறை பின்னோக்கிப் போக வேண்டும், பாலை மடிக்குள் ஏற்ற வேண்டும். முதல்முறை இதைப் பென்சிலால் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தபோது, எழுதிய தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டு இல்லை, காவலர் இல்லை, திரும்பிப் போக முடியாது என்ற ஒரே குணம் "குறைந்தபட்சம் இத்தனை வயது" என்பதற்கு அப்படியே பொருந்திவிடுகிறது. வயதும் ஒரு திசையில் மட்டும் போவதுதானே! அதனாலேயே போன வருஷம் வாங்கிய சான்று இந்த வருஷம் பொய்யாகாது.

நடைமுறையில் உள்ள தரம் இதைவிட எளிமையானது. மொபைல் ஓட்டுநர் உரிமத்துக்காக 2021-ல் வெளியான ஐஎஸ்ஓ 18013-5 தரத்தில், "18-க்கு மேல்: ஆம்", "21-க்கு மேல்: ஆம்" என்று ஒவ்வொரு தகவலையும் ஒரு ரகசியக் குப்பை எண்ணோடு கலந்து தனித்தனியாக ஹாஷ் செய்து, அந்தப் பட்டியலுக்குக் கையொப்பம் போட்டுத் தந்துவிடுவார்கள். எந்த வரியைத் திறப்பது என்பது உங்கள் விருப்பம். அந்தக் குப்பை எண் இல்லாவிட்டால் "ஆம்", "இல்லை" இரண்டையும் ஹாஷ் செய்து பார்த்தே எதிராளி கண்டுபிடித்துவிடுவார், பிறந்த தேதியில் பார்த்த அதே ஓட்டை.

ஆனால் இரண்டு முறைக்கும் ஒரு பொதுக் குறை உண்டு. படிக்கட்டின் தரை எண் எல்லாத் தளத்திலும் ஒன்றேதான். இரண்டு தளங்கள் தங்கள் பதிவேடுகளை ஒப்பிட்டால் இங்கே வந்தவரும் அங்கே வந்தவரும் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும், பெயர் தெரியாவிட்டாலும் உங்கள் தடம் முழுதும் தெரியும். இதற்கு ஒரு மருந்து, ஒருமுறை மட்டும் பயன்படும் சான்றுகளைக் கட்டாக வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடத்திலும் புதிதாக ஒன்றைக் கொடுப்பது. இன்னொன்று, முத்திரையையே காட்டாமல் "என்னிடம் செல்லும் முத்திரை இருக்கிறது" என்று நிரூபிப்பது.

இதற்குப் பூஜ்ய அறிவு நிரூபணம் என்று பெயர். உங்கள் நண்பருக்குச் சிவப்பும் பச்சையும் வித்தியாசம் தெரியாது என்று வையுங்கள். இரண்டு பேனாக்கள் வேறு வேறு நிறம் என்று அவரை நம்பவைக்க வேண்டும். நிறத்தைத் தவிர எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான அந்தப் பேனாக்களை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மாற்றியோ மாற்றாமலோ திரும்ப நீட்டி, மாற்றினேனா என்று கேட்கிறார். பேனாக்கள் உண்மையிலேயே வேறு நிறம் என்றால் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொல்வீர்கள். குத்துமதிப்பாகச் சொல்பவர் 20 முறையும் தப்பிக்க வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. நண்பர் நம்பிவிடுவார், ஆனால் எது சிவப்பு என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. முத்திரையைச் சரிபார்க்கும் மொத்தக் கணக்கையும் இதே தர்க்கத்தில் செய்து முடிக்க முடியும்.

ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்ல்ஸ் ராக்காஃப் மூவரும் இந்தக் கருத்தை 1985-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் அந்தக் கட்டுரை பலமுறை நிராகரிக்கப்பட்டது. அப்போது அதற்குச் சந்தை இல்லை, பயன் என்ன என்று கேட்டால் காட்ட ஒரு பொருள் இல்லை. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2012-க்காகக் கோல்ட்வாசருக்கும் மிக்காலிக்கும் கிடைத்தது. கூகுளின் மட்டேயோ ஃப்ரீகோவும் அபி ஷெலாட்டும் 2024-ல் வெளியிட்ட முறையில், இப்போது புழக்கத்தில் இருக்கும் அட்டைகளின் கையொப்பத்துக்கே சாதாரண போனில் சுமார் ஒரு வினாடியில் இப்படி நிரூபணம் தயாரிக்கலாம், அதன் நிரலையும் 2025-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். நடுவில் ஏறக்குறைய நாற்பது வருஷம். அடுத்த மூன்று வருஷத்தில் என்ன பொருள் வரும் என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆராய்ச்சிக்குப் பணம் என்று கேட்கும் குழுக்களிடம் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று ஒரு சட்டமன்றம் குழந்தைகளையும் காக்க வேண்டும், பெரியவர்களின் அந்தரங்கத்தையும் காக்க வேண்டும் என்று கேட்கும்போது நீட்ட ஒரு விடை இருப்பது, பயன் தெரியாத காலத்தில் யாரோ சம்பளம் கொடுத்ததால்தான்.

கணக்கால் முடியாததும் உண்டு. அது சான்றைச் சரிபார்க்கும், போனைப் பிடித்திருக்கும் கையைச் சரிபார்க்காது. அண்ணன் போனைத் தம்பி எடுத்துக்கொண்டால் படிக்கட்டு சரியாகவே இறங்கும். சான்றை வேறு போனுக்கு நகலெடுக்க முடியாதபடி பாதுகாப்புச் சில்லோடு கட்டலாம், அதற்குமேல் அது வீட்டு விவகாரம். அந்தச் சில்லு இல்லாத பழைய போன் வைத்திருப்பவரும், டிஜிட்டல் அட்டையே இல்லாதவரும் வெளியே நிற்கக்கூடாது என்பதைச் சட்டம்தான் எழுத வேண்டும். அதோடு, ஆமா-இல்லை போதும் என்ற இடத்தில் அட்டைப் படத்தை வாங்கி வைப்பதே குற்றம் என்றும் எழுத வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழி இல்லாத காலத்தில் படம் கேட்டது புரிகிறது, வழி வந்த பிறகும் கேட்பது சோம்பல்.

மறுபடியும் வாசகரின் மெஷினுக்கு வருவோம். அவர் கலிஃபோர்னியாவில் இருந்தால், 2027 ஜனவரிக்குப் பின் அமைக்கும் புதுக் கம்ப்யூட்டர் அவரிடம் ஒரு தேதியையோ வயதையோ கேட்கும், தட்டச்சு செய்தால் முடிந்தது. அதற்கு முன்பே அமைத்த மெஷின் என்றால், கேட்க வசதி செய்து தர இயங்குதளத்துக்கு 2027 ஜூலை 1 வரை அவகாசம். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் அந்தக் கேள்வியை யார் சேர்ப்பது, சேர்க்காவிட்டால் யார் பொறுப்பு என்பதுதான் சிக்கல். அங்கே நிறுவனமே இல்லாத இடங்களும் உண்டு, சட்டமோ இயங்குதளத்தை உருவாக்குபவர், உரிமம் தருபவர், கட்டுப்படுத்துபவர் எல்லோரையும் ஒரே வரியில் சேர்த்துக்கொள்கிறது.