பெரட்டுக்கு வராத பிரௌசர்

போன வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு சின்ன வலைத்தளம் செய்கிறாராம். மாதாமாதம் சர்வருக்குக் காசு கட்ட முடியாது என்பதால் எல்லாம் வெறும் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள். கோயிலுக்கு வழி காட்டும் கூகல் வரைபடத்தின் சாவியை (அந்தச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு மாதிரி) அமைப்பு மதிப்புகளை எழுதிவைக்கும் 'டாட் என்வ்' (.env) கோப்பில் வைத்து, ஜாவாஸ்கிரிப்டில் 'பிராசஸ் டாட் என்வ்' (process.env) என்று அதைக் கேட்டிருக்கிறார். பிராசஸா, அப்படி எதுவும் எனக்குத் தெரியாதே என்று பிரௌசர் கையை விரித்துவிட்டது. "மடிக்கணினியில் நோடில் ஓட்டினால் வேலை செய்கிறது அண்ணே, இங்கே மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கிறார். நோட் என்பது பிரௌசர் இல்லாமலே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்.

தோட்டத்தில் வேலைக்குப் போகும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்பே எல்லோரும் பெரட்டுக்களத்தில் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மர நிரை என்று மேற்பார்வை பார்க்கும் கங்காணி சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டு காட்டுக்குள் போன பிறகு, ஆபீசில் எழுத்தர் கிராணி கணக்கை மாற்றி எழுதினாலும் மரத்தடியில் நிற்பவருக்கு அது தெரியாது.

தம்பி டாட் என்வ் கோப்பில் எழுதியது போன்ற, நிரலுக்கு வெளியிலிருந்து தரும் மதிப்புகளுக்குச் சூழல் மாறிகள் என்று பெயர். அவையும் இப்படித்தான். 1979இல் வந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில் இந்த ஏற்பாடு வந்தது. ஒரு நிரல் இன்னொன்றைத் தொடங்கும்போது, 'பெயர், சமக்குறி, மதிப்பு' என்ற வரிகளை நகலெடுத்துக் கையில் கொடுத்து அனுப்புகிறது. நோட் உங்கள் கணினியில் பிறக்கும் நிரல்; பெரட்டில் நின்றது, சொன்னதைக் கேட்டது. பினாங்கில் யாரோ கைத்தொலைபேசியில் திறக்கும் பிரௌசர் அந்தக் களத்துப் பக்கமே வராதது. அதற்குப் போய்ச் சேருவது கோப்பு மட்டும்தான்.

சரி, அப்படியானால் வைட் (Vite), வெப்பேக் (Webpack) மாதிரி, எழுதிய நிரலை வெளியிடத் தயாரான கோப்புகளாகக் கட்டித்தரும் கருவிகளை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எப்படி நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உண்மையில் அங்கேயும் பிரௌசர் எந்த மாறியையும் படிப்பதில்லை. தளத்தைக் கட்டும் நேரத்தில், உங்கள் கணினியிலோ தளத்தை ஏற்றிவைக்கும் நிறுவனத்தின் கணினியிலோ, வெப்பேக் ஓடுகிறது. அது நோடின் மேல் ஓடுவதால் பெரட்டுக்கு வந்த ஆள். உங்கள் கோப்பை வாசித்துக்கொண்டே போய், 'பிராசஸ் டாட் என்வ் டாட் இன்னது' என்று நிரலில் எழுதியிருக்கும் இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மதிப்பையே அங்கே பதித்துவிடுகிறது. வெளியே போகும் கோப்பில் மாறி இருந்த சுவடே இருக்காது, மதிப்பு மட்டும்தான் இருக்கும்.

எழுத்துக்கு எழுத்து பதிப்பதால் சில வேடிக்கைகள் நடக்கும். வெப்பேக்கில் இப்படிப் பதிக்கும் வேலையைச் செய்யும் டிஃபைன் பிளகினில் மதிப்பை மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்துப் பாருங்கள். அந்தச் சொல் அப்படியே நிரலுக்குள் விழுந்து, அந்தப் பெயரில் ஒரு மாறி எங்கே என்று பிரௌசர் தேடத் தொடங்கிவிடும். மாறியின் பெயரை நிரல் ஓடும்போது கூட்டிச் சேர்த்து சதுர அடைப்புக்குள் போட்டாலும் ஏமாற்றம்தான். பதிப்பவர் கண்ணுக்கு முழுப் பெயர் தெரிய வேண்டும். இன்னொன்று அழகானது. பக்கங்களைக் கட்ட உதவும் ரியாக்ட் நூலகம், நிரலாளருக்கான தன் எச்சரிக்கைகளை எல்லாம் 'நோட் என்வ் என்பது புரொடக்ஷன் இல்லையென்றால்' என்ற நிபந்தனைக்குள் வைத்திருக்கிறது. நோட் என்வ் என்பது ஒரு சூழல் மாறி; வாசகருக்குப் போகும் இறுதித் தளத்தைக் கட்டும்போது அதன் மதிப்பு புரொடக்ஷன். பதித்த பிறகு அந்த வரி, புரொடக்ஷன் என்பது புரொடக்ஷன் இல்லையென்றால் என்று ஆகிவிடும். அது ஒருநாளும் நடக்காது என்று, கோப்பின் அளவைச் சுருக்கும் கருவிக்கே தெரியும். அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எறிந்துவிடும். வாசகரின் கைத்தொலைபேசிக்கு அவ்வளவு சுமை குறைவு.

ஆகவே கட்டிய பிறகு மதிப்பை மாற்றிப் பிரயோசனமில்லை, மறுபடியும் கட்ட வேண்டும். திருவிழா நேரம் மாதிரி அடிக்கடி மாறுகிற விஷயங்களை இதில் வைக்கவே வேண்டாம். தனியாக ஒரு ஜேசான் (JSON) தரவுக் கோப்பில் எழுதி, பக்கம் திறக்கும்போது எடுத்துக்கொள்வது மேல்.

ரகசியங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாட் என்வ் கோப்பில் போட்டுவிட்டால் சாவி பத்திரம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். புது மோட்டாருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, இனி ஹெல்மெட் எதற்கு என்கிற மாதிரி. நிரலின் பழைய வடிவங்களை எல்லாம் சேர்த்துவைக்கும் கிட் (Git) கருவிக்குள் அந்தக் கோப்பை விடாமல் இருந்தால் மூல நிரலைப் படிப்பவருக்குச் சாவி தெரியாது, அவ்வளவுதான். கட்டி முடித்த கோப்பில் அது பச்சையாகக் கிடக்கும். பிரௌசரில் மூலத்தைத் திறந்தால் யாரும் பார்க்கலாம். இந்த ஆபத்து தெரிந்துதான் வைட், 'வைட்' (VITE_) என்று தொடங்கும் பெயர்களை மட்டும் வெளியே விடுகிறது. தரவுத்தளக் கடவுச்சொல் தவறிப்போய் ஊர் சுற்றக் கூடாதல்லவா! அதற்காகக் கடவுச்சொல்லுக்கே அந்த முன்னொட்டைப் போட்டால் வைட் என்ன செய்யும்?

தம்பியின் வரைபடச் சாவி பிரௌசருக்குப் போவதற்கென்றே உள்ளது, பயப்பட வேண்டாம். கூகலின் அமைப்புப் பக்கத்தில் அந்தச் சாவி கோயில் தளத்தின் முகவரியிலிருந்து மட்டுமே செல்லும் என்று கட்டுப்படுத்திவிடுங்கள். பணம் சம்பந்தப்பட்ட சாவி ஏதாவது பின்னால் வந்தால், கோரிக்கை வரும்போது மட்டும் விழிக்கும் ஒரு சிறு சர்வர் நிரலிடம் அதைக் கொடுத்துவையுங்கள்; பிரௌசர் அதனிடம் கேட்கட்டும், சாவி அங்கேயே இருக்கட்டும். அப்படிப்பட்ட சாவி ஏற்கெனவே கிட்டில் ஏறியிருந்தால், கோப்பை அழித்தால் மட்டும் போதாது, பழைய வரலாற்றில் அது இருந்துகொண்டேயிருக்கும். பழைய சாவியை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள் தம்பி, ஐந்து நிமிட வேலைதான்.