சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு

மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கத்துப் பழங்குடிகளான மாயன் மக்களின் படைப்புக் கதையைத் தமிழில் சொல்கிறவர்கள் பலரும் ‘தெய்வங்கள் மனிதனைச் சோளமாவில் செய்தார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். தர்மபுரி, அரூர்ப் பக்கம் சோளம் என்றால் உச்சியில் கதிர் வைக்கும் தானியம். அதன் தட்டு மாட்டுக்குப் போகும். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1492-க்கு முன் அமெரிக்க மண்ணில் அது கிடையவே கிடையாது. மாயன் கதையில் வருவது மக்காச்சோளம். சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன் தென்மெக்சிகோவில் ஒரு காட்டுப்புல்லிலிருந்து மனிதர் வளர்த்தெடுத்த பயிர்.

‘மக்கா’ பிறமொழி, அதனால் சோளம் என்றாலே போதும் என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்கிறார்கள். தனித்தமிழ் எனக்கும் பிடித்ததுதான், ஆனால் நம் கொல்லையில் ஏற்கெனவே விளையும் ஒன்றின் பெயரைப் பிடுங்கி இன்னொன்றுக்குக் கொடுப்பது எப்படித் தமிழ்ப்பற்று ஆகும்? இதில் பெயர் மட்டும் குழம்பவில்லை, கதையின் பொருளே போய்விடுகிறது. மாயன் சிற்பத்தில் மக்காச்சோளத் தெய்வத்தின் தலை கதிர் மாதிரி நீண்டிருக்கும், கூந்தல் கதிர்நுனி நாரைப் போல விழும். சோளக்கதிரில் ஏது அந்த நார்? இன்னொன்று, மக்காச்சோளக் கதிரை மட்டை இறுக மூடியிருப்பதால் மணி தானாக உதிர்ந்து முளைக்காது, மனிதர் உரித்து விதைத்தால்தான் அடுத்த பயிர். பயிரும் மனிதரும் ஒருவரையொருவர் நம்பி வாழ்கிற இந்த உறவோடு சேர்த்துப் படித்தால்தான், மண்ணிலும் மரத்திலும் செய்து பார்த்துச் சரிவராமல், கடைசியில் மஞ்சளும் வெள்ளையுமான மக்காச்சோள மாவில் மனிதனைப் பிசைந்தார்கள் என்ற கதையின் ஆழம் பிடிபடும்.

ஆடியில் மாரியம்மனுக்கு ஊற்றுகிற கேழ்வரகுக் கூழை யாராவது ‘கோதுமைக் கஞ்சி’ என்று மொழிபெயர்த்தால் கிருஷ்ணகிரியில் சும்மா விடுவோமா? அடுத்தவர் சாமிக்குப் படைக்கிற தானியத்துக்கும் அதே மரியாதை வேண்டும்.

பேச்சில் பேருந்து நிலையத்துச் சோளக்கதிர் இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே விற்பது என்னவென்று பார்த்தாலே தெரியும். எழுத்தில் அப்படி விட முடியாது. வட அமெரிக்கப் பழங்குடிகள் ‘மூன்று சகோதரிகள்’ என்று சேர்த்து விதைக்கும் பயிர்களில்கூட ‘சோளம், பீன்ஸ், பூசணி’ என்றே போடுகிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிற மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு விவசாயியைக் கேட்டிருந்தால் மக்காச்சோளம் என்றே சொல்லியிருப்பார்.