பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீருமா?

நீரிழிவு மருத்துவர்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சிலருடைய நோய் ஒரே ஒரு மரபணுவின் பிழையால் வருகிறது. பெரும்பாலோருக்கோ பல மரபணுக்களின் சிறுசிறு சாய்வுகளும், அந்த மரபணுக்களின் மீது வாழ்க்கை இடும் வேதிக்குறிகளும் சேர்ந்து நோயை உண்டாக்குகின்றன.

இன்சுலினைச் சுரப்பவை கணையத்திலுள்ள பீட்டா செல்கள். இரத்தத்தில் குளுக்கோஸ் உயரும்போது அது இந்தச் செல்லுக்குள் புகுகிறது. குளுக்கோகைனேஸ் என்னும் நொதி அதைச் சிதைக்கத் தொடங்க, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. அது செல்லின் சவ்வில் உள்ள பொட்டாசியம் வாயிலை மூடுகிறது. அதன் விளைவாகக் கால்சியம் உள்ளே பாய்ந்து, சேமிப்பில் இருந்த இன்சுலின் வெளியேறுகிறது. இந்தத் தொடரில் ஒரு மரபணு பழுதானாலும் நோய் வரலாம், ஆனால் எங்கே பழுது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை முற்றிலும் மாறிவிடும்.

குளுக்கோகைனேஸ் மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்தது முதலே சற்று உயர்ந்திருக்கும். பெரும்பாலும் அவர்களுக்கு மருந்தே தேவைப்படாது. எச்என்எஃப்1ஏ மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குக் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையே குறைந்த அளவில் பல ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருப்பதுண்டு. பொட்டாசியம் வாயிலை ஆக்கும் கேசிஎன்ஜே11 மரபணுவின் பிழைகள் பிறந்த குழந்தைகளுக்கு நீரிழிவை உண்டாக்குகின்றன என்பது 2004இல் தெரியவந்தது. 2006இல் வெளியான ஆய்வில், இப்பிழை உடைய 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை முற்றிலும் நிறுத்திவிட்டு அதே சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைக்கு மாறினார்கள். ஆகவே, பிறந்து ஆறு மாதங்களுக்குள் நீரிழிவு கண்டறியப்பட்ட எவருக்கும், இப்போது அவர் எந்த வயதினராக இருந்தாலும், மரபணுப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். இளம் வயதில் நோய் வந்து, உடல் பருமன் இன்றி, உடலே பீட்டா செல்லைத் தாக்குகிறதா என்று காட்டும் எதிர்ப்பொருள் சோதனையும் எதிர்மறையாக இருந்து, தலைமுறைதோறும் நோய் தொடர்ந்து வரும் குடும்பத்தினரும் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

வழக்கமான இரண்டாம் வகை நீரிழிவில் கதை வேறு. இதுவரை இந்நோயின் ஆபத்தோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் அடையாளம் காணப்பட்டுள்ளன. அவற்றில் கணிசமானவை பீட்டா செல்லின் வேலையைத்தான் பாதிக்கின்றன; புரதத்தை மாற்றாமல், மரபணு எவ்வளவு இயங்க வேண்டும் என்பதைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. பரவலாகக் காணப்படும் மாற்றங்களில் வலுவான டிசிஎஃப்7எல்2 மரபணு மாற்றம் கூட, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் இரு பிரதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஆபத்தை ஏறத்தாழ 1.4 மடங்காக்குகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தியவர்களிடம் இந்த மாற்றத்தின் தாக்கம் பெரிதும் மங்கிவிட்டது. விலை கொடுத்து வாங்கும் மரபணு அறிக்கையைவிட, குடும்ப வரலாறும் இடுப்புச் சுற்றளவும் கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் இவர்களுக்கு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. மரபணு மாற்றம் என்றாலே தீமை என்றும் எண்ண வேண்டாம்: துத்தநாகத்தைக் கடத்தும் எஸ்எல்சி30ஏ8 மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு குறைவு என்று 2014இல் கண்டறியப்பட்டது.

இனி மரபணுவின் மீது விழும் குறிகள். உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் இன்சுலின் மரபணு இருக்கிறது. பீட்டா செல்லில் மட்டும் அது திறந்திருக்கக் காரணம், டிஎன்ஏ மீது ஒட்டும் மீத்தைல் குறிகளும், டிஎன்ஏ சுற்றப்பட்டுள்ள ஹிஸ்டோன் புரதங்களில் ஏற்படும் மாற்றங்களும்தாம். இவற்றையே எபிஜெனெடிக் மாற்றங்கள் என்கிறோம். எழுத்து மாறாது, வாசிப்பு மாறும். இரண்டாம் வகை நீரிழிவு இருந்து இறந்த கொடையாளர்களின், பீட்டா செல்கள் அடங்கிய கணையத் திட்டுகளை ஆராய்ந்தபோது, பீட்டா செல்லின் அடையாளத்தைக் காக்கும் பிடிஎக்ஸ்1 மரபணுவில் மீத்தைல் குறிகள் கூடியும் அதன் இயக்கம் குறைந்தும் இருந்தன. நீடித்த உயர் சர்க்கரையே இந்த மரபணுவின் இயக்கத்தைக் குறைக்கிறது என்பதை ஆய்வகச் செல்களிலும் பார்த்திருக்கிறார்கள். அதாவது, நோயே நோயை வளர்க்கும் சுழல் இங்கே இருக்கிறது.

இக்குறிகள் கருவிலேயே விழத் தொடங்குகின்றன. கருப்பையில் ஊட்டம் குன்றிய எலிக்குட்டிகளில் பிடிஎக்ஸ்1 படிப்படியாக அடங்கிப்போகிறது. மனிதரிடமும் சான்று உண்டு: அரிசோனாவின் பீமா மக்களிடம் ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, தாய்க்கு நீரிழிவு வருவதற்கு முன் பிறந்தவர்களைவிட, வந்த பின் பிறந்தவர்களுக்கே நோய் அதிகமாக வந்தது. ஒரே பெற்றோர்தான், ஆனாலும் ஆபத்து ஒன்றாக இல்லை. கருவுறுவதற்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று மருத்துவர்களாகிய நாங்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் காட்டி “எபிஜெனெடிக் குறிகளை அழிக்கும்” பொடிகளும் மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. உயிரோடு இருப்பவரின் பீட்டா செல்லில் உள்ள குறிகளை வழக்கமான சோதனை எதனாலும் அளக்க முடியாத நிலையில், அழித்துவிட்டோம் என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்? பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோய் வந்து ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள் தீவிரமாக எடை குறைத்தபோது, ஓராண்டில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றி நீரிழிவு நிலையிலிருந்து மீண்டனர். அப்படி மீண்டவர்களின் பீட்டா செல்கள் மீண்டும் இன்சுலினைச் சரிவரச் சுரக்கத் தொடங்கின. நோய் வந்து குறைந்த காலமே ஆனவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதலாக இருந்தது.