ஜாஸ்: வாசித்தவர்கள் வைக்காத பெயர்

ஜாஸ் இசை என்றதும் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தச் சொல் அச்சில் தலைகாட்டியது பேஸ்பால் செய்தியில். 1912இல் ஒரு பந்துவீச்சாளர், தள்ளாடிப்போய் மட்டையாளரை ஏமாற்றும் தன் பந்தை 'ஜாஸ் பந்து' என்றார். துடிப்பு, முறுக்கு என்ற பொருளில் வழங்கிய 'ஜாஸம்' என்ற அமெரிக்கக் கொச்சைச் சொல்லே இதன் வேர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆப்பிரிக்க வேர் சொல்வாரும் உண்டு. உறுதியான சான்று இல்லை. 1915இல் சிகாகோ நாளிதழில் இது இசையின் பெயராகிவிட்டது.

இசை அதற்கும் மூத்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் காங்கோ சதுக்கத்தில், அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள் ஞாயிறுதோறும் கூடிக் கொட்டு முழக்கி ஆடினார்கள்; ஜாஸின் வேர்களில் ஒன்று அது. அடிமைமுறை 1865இல் ஒழிந்தும், ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி என்று லூசியானா மாநிலம் 1890இல் சட்டம் போட்டது. அதை மீறி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்த ஹோமர் பிளெஸ்ஸி இந்த ஊர்க்காரர்தான். 1896இல் உச்ச நீதிமன்றமும் அவரைக் கைவிட்டது. அந்தக் காலத்தில்தான் ஜாஸின் முன்னோடி பட்டி போல்டன் இதே ஊரில் ட்ரம்பெட்டின் உறவான கார்னெட்டை ஊதிக்கொண்டிருந்தார்.

முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வந்தது. வாசித்த ஐந்து பேரும் வெள்ளையர்! அப்புறம் நியூயார்க்கின் காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் மேடையேறியவர்கள் கறுப்பர்கள். உட்கார்ந்து கேட்க வெள்ளையருக்கு மட்டுமே அனுமதி.

பெயர் மீது கலைஞர்களுக்கு மனத்தாங்கல் வந்ததில் வியப்பில்லை. இது வெள்ளையர் வைத்த பெயர், உண்மைப் பெயர் ராக்டைம் (ஜாஸுக்கு முந்தைய ஒரு கறுப்பர் இசை வகை) என்றார் ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே. இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனுக்கும் பிடிக்கவில்லை. 1949இல் டவுன்பீட் என்ற ஜாஸ் இதழ் மாற்றுப் பெயருக்குப் போட்டியே வைத்தது. பரிசு பெற்ற சொல் 'க்ரூகட்'. ஒட்ட வெட்டிய கிராப்பின் பெயர்! யாரும் சீந்தவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'துள்ளிசை' எனலாமா? மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பர் உடல்களைப் பற்றி 1939இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடினாரே, அதில் எங்கே துள்ளல்? 'கறுப்பர் இசை' என்றால் ப்ளூஸ், காஸ்பல் போன்ற மற்ற கறுப்பர் இசை வகைகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கிரந்தம் வேண்டாதவர்கள் 'சாசு' என்று எழுதிக்கொள்ளட்டும். என் ஓட்டு ஜாஸுக்கே. உள்ளே இருக்கும் ஒன்றுக்கு மட்டும் நம்மிடம் பழகிய சொல் இருக்கிறது: மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பதை மனோதர்மம் என்றால் கச்சேரி கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும். என்ன, அங்கே ராகத்துக்குப் பதில் பெரும்பாலும் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசை எல்லை கட்டும்.