ஈக்விட்டி: சமத்துவமா, சமச்சீரா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. மாணவர் நலன்தான் தலைப்பு. திரையில் ஈக்விட்டி, வெல்னஸ் என்ற இரண்டு சொற்களும் மாறி மாறி வந்தன. கையில் கொடுத்த தமிழ்க் குறிப்பில் ஈக்விட்டிக்குச் 'சமத்துவம்' என்று போட்டிருந்தார்கள். பக்கத்தைத் திருப்பினால் ஈக்குவாலிட்டிக்கும் அதே சமத்துவம். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர், "ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்னா எதுக்குங்க ஐயா ரெண்டு சொல்லு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழாசிரியன் என்கிற முறையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

ஈக்விட்டி, ஈக்குவாலிட்டி இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீன் மொழியில் 'ஐக்வுஸ்' என்றால் மேடு பள்ளம் இல்லாத, மட்டமான என்று பொருள். அதிலிருந்து கிளைத்தவை இரண்டும், பிரெஞ்சைத் தொட்டுக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போனவை. பக்கத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் எகாலிதே, எகித்தே என்று இன்றும் வேறுபடுத்திச் சொல்வார்கள். ஈக்குவாலிட்டி அளவைப் பார்க்கிறது: உனக்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. ஈக்விட்டி நிற்கிற தரையைப் பார்க்கிறது: பள்ளத்தில் நிற்பவருக்கு முதலில் மண் போட்டு மேடாக்கு, அப்புறம் பங்கு வை.

பங்குச் சந்தையில் கேட்கும் ஈக்விட்டியும் இதே சொல்தான். கடன் போக உடையவருக்கு மிஞ்சுகிற பங்கு என்று அங்கே பொருள் திரும்பிவிட்டது. இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் அதற்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் அநியாயம் வந்துவிடும் என்கிற இடத்தில் நியாயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதை ஈக்விட்டி என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்தது இந்தப் பொருள்தான். 2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது இலக்கு, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் 'ஈக்விட்டபிள்' கல்வி என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையிலும் அந்தச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட இயல் ஒன்று இருக்கிறது.

சமத்துவம் என்று மொழிபெயர்த்தால் என்ன கெட்டுவிடும்? கெட்டுப்போனதை நம் மாநிலம் ஒரு முறை பார்த்திருக்கிறது. கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கில், சாதி, மதத்தைக் காட்டி யாருக்கும் இடம் மறுக்காமல் சமமாக நடத்தச் சொல்லும் அரசமைப்பை அந்த ஆணை மீறுகிறது என்று 1951இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தமிழ்நாடு கொதித்தது. அதே ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பாருக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் சமத்துவத்தைத் தனியே விடக் கூடாது, அதற்குத் துணையாக இன்னொரு சொல் வேண்டும் என்று தோன்றும்.

அந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: சமச்சீர். சமச்சீர்க் கல்வியை ஆராய முத்துக்குமரன் குழு 2006இல் அமைந்தபோதும், 2010இல் சட்டம் வந்தபோதும், 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னபோதும் வீட்டுத் திண்ணை வரைக்கும் பேசப்பட்ட சொல் இது. ஆனால் புழக்கத்தில் அதன் பொருள் சுருங்கிவிட்டது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்ற நாலு வகையையும் ஒரே புத்தகமாக்கியதுதான் சமச்சீர் என்று மனத்தில் பதிந்துவிட்டது. ஒரே புத்தகம் கிடைத்தது பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் அது 'சம'. 'சீர்' எங்கே போயிற்று?

சமம் வடசொல் என்பார் பலர், தமிழ் வேர் காட்டுவாரும் உண்டு. எப்படியானாலும் சமனும் சீரும் குறளிலேயே சேர்ந்து நிற்கின்றன. நடுவுநிலைமை அதிகாரத்தில் 118ஆம் குறள்:

சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால்
கோடாமை சான்றோர்க் கணி.

சில வருஷங்களுக்கு முன் ஏழாம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சமன்செய்வதும் சீர்தூக்குவதும் ஒன்றுதானே, வள்ளுவர் ஏன் இரண்டு தடவை சொல்கிறார் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி, அம்மா மீன் விற்பவர், எழுந்து நின்றாள். "ரெண்டும் வேற ஐயா. மொதல்ல வெறுந் தட்டு ரெண்டும் நேரா நிக்குதான்னு பாக்கணும். ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருந்துச்சுன்னா அந்தப் பக்கம் சின்னதா கல்லு வச்சு நேராக்கணும். அப்பறந்தான் மீனப் போட்டு நிறுக்கணும்."

வீட்டுக்குப் போய்ப் பரிமேலழகர் உரையைப் பிரித்துப் பார்த்தேன். முன்னே தான் சமனாக நின்று, பின் தன்கண் வைத்த பாரத்தை வரையறுக்கும் துலாம் என்று அவரும் எழுதியிருக்கிறார். முன்னே, பின். அந்தப் பிள்ளை சொன்ன வரிசை அப்படியே. வெறுந் தட்டில் வைக்கிற அந்தச் சின்னக் கல்தான் ஈக்விட்டி. அது யாருக்கும் கொடுக்கிற சலுகை கிடையாது. அதை வைக்காமல் நிறுத்தால் எடை பொய்.

சீர் என்ற சொல்லுக்கு இருக்கிற மற்ற பொருள்களையும் பாருங்கள். செய்யுளில் அசைகள் சேர்ந்தால் சீர். தாய்மாமன் தட்டு வைத்துக் கொண்டுவருவதும் சீர். ஊர் மக்கள் மேளம் கொட்டி, நாற்காலி, பீரோ, மின்விசிறி, குடம் எல்லாம் தூக்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு ஊர்வலமாக வந்து கொடுப்பதைக் 'கல்விச் சீர்' என்றே சொல்கிறோம். பள்ளியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்து வைத்த பெயர் அது, கேட்கும்போதே மனம் நிறைகிறது. அப்புறம் உடம்பு: மூச்சு சீராக இருக்கிறது, நாடி சீராக ஓடுகிறது, உடல்நிலை சீரடைந்தது.

இந்தக் கடைசிப் பொருள் வெல்னஸுக்கு நம்மைக் கொண்டுபோகிறது. அதற்கு 'ஆரோக்கியம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு 'நலம்' போதும் என்று தோன்றுகிறது. "நலம், நலமறிய ஆவல்" என்று கடிதம் எழுதிய காலத்தில் உடம்பு, மனசு, குடும்பம், கையில் காசு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில்தான் கேட்டோம். 'மாணவர் நலம்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

நலமும் சீரும் ஒரே பிள்ளையிடம் சந்திப்பதைச் சொல்கிறேன். தராசு சொன்ன அதே பெண், முதல் பீரியடில் அடிக்கடி மேசையில் தலை கவிழ்ந்து படுத்துவிடுவாள். தூக்கம் என்று நினைத்து இரண்டு முறை எழுப்பி நிற்க வைத்தேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. அம்மா விடியற்காலை நாலு மணிக்கே முதுநகர் துறைமுகத்துக்கு மீன் ஏலம் எடுக்கப் போய்விடுவாராம். வீட்டில் காலையில் அடுப்பு எரியாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்திருந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில்: "தம்பி சாப்ட்டான் ஐயா."

தம்பி மூன்றாம் வகுப்பு. அவனுக்குப் பொங்கல் கிடைத்துவிட்டது என்கிற நிம்மதிதான் அந்தக் குரலில் இருந்தது. அவளுக்கு அடுத்த சாப்பாடு மதியச் சத்துணவு. பாடம், புத்தகம், தேர்வுத் தாள் எல்லாம் வகுப்பில் இருந்த நாற்பது பேருக்கும் சமம். அவள் உட்கார்ந்திருந்த தட்டு மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து பாலும் பழமும் வாங்கி வைக்கிறோம். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்குப் பிரேயருக்கு முன்பே கொடுத்துவிடுகிறோம்.

சரி, ஈக்விட்டிக்கு வேறு சொற்களே இல்லையா? ஒப்புரவு அழகான சொல், ஆனால் குறளில் அதன் பொருள் ஊருக்கு உதவி வாழ்தல். கொடுப்பவர் மனத்தைச் சொல்கிறதே தவிர, பெறுபவரின் உரிமையைச் சொல்லவில்லை. நிகர்மை என்றாலும் மறுபடி ஈக்குவாலிட்டிதான். சமநீதி பரவாயில்லை, நீதிமன்றத்துக்குப் பொருந்தும். தகுதி என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடுவுநிலைமை அதிகாரத்தின் முதல் குறள் "தகுதி எனவொன்று நன்றே" என்று தொடங்குகிறது. அங்கே தகுதி என்றால் நடுவுநிலைமை. பகைவர், அயலார், நண்பர் என யாராக இருந்தாலும் முறை தவறாமல் நடப்பது. இன்று அந்தச் சொல்லை மதிப்பெண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். தேர்வு நாளில் யார் தட்டு எப்படி நின்றது என்று கேட்காத மதிப்பெண்ணுக்கு.

ஆகவே ஈக்குவாலிட்டி வருமிடத்தில் சமத்துவம், ஈக்விட்டி வருமிடத்தில் சமச்சீர் என்று எழுதலாம். 'சமச்சீரான கல்வி', 'சமச்சீர் நோக்கில் நிதி ஒதுக்கீடு', 'மாணவர் நலமும் சமச்சீரும்' எல்லாம் இயல்பாகவே வருகின்றன. வினையாக வேண்டுமென்றால் 'சமன்செய்தல்' இருக்கிறது.

கணக்கு டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் பாடத்தில் சமச்சீர் என்றால் நடுவில் கோடு போட்டு மடித்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பொருந்துவது. "அப்ப எங்க பாடத்துல சமச்சீர்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே ஐயா இருக்கணும்?" என்றார். அந்தப் பெண் சொன்ன தராசுக் கதையை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பயிற்சிக் குறிப்பில் ஈக்விட்டிக்கு நேரே இருந்த 'சமத்துவம்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்து, மேலே 'சமச்சீர்' என்று எழுதிக்கொண்டார்.