எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்: ஷோரூமுக்கு முன் வீட்டு பிளக்கைப் பாருங்கள்

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்க யோசனை கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வண்டிய எங்க நிறுத்துவீங்க, எந்த பிளக்குல சார்ஜ் போடுவீங்க?" என்றுதான். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ராணிப்பேட்டையிலும் பெரிய தொழிற்சாலைகளில் வண்டி தயாராகி வருகிறது. அது வந்து சேரும் வீட்டிலோ இருபது வருஷத்துப் பழைய சுவிட்ச் போர்டு.

சமீபத்தில் ஒருவர், "அண்ணே, சார்ஜே ஏற மாட்டேங்குது, பேட்டரி போயிருச்சு" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சார்ஜரை வாங்கிப் பார்த்தேன். மூன்று பின்னில் ஒன்று கருத்துப்போய், அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகியிருந்தது. பேட்டரியை மீட்டரில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. வீட்டில் பிளக் பாயிண்ட் லூஸ். அதில் ஒரு கன்வர்ஷன் பிளக், அதிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர்.

750 வாட் சார்ஜர் இழுப்பது மூன்று, நான்கு ஆம்ப்தான். ஆனால் இஸ்திரிப் பெட்டியை நான்கைந்து மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவது போன்ற வேலை அது. பிடிப்பு தளர்ந்த இடமெல்லாம் சூடாகும். அதனால் தனி ஒயரில் 16 ஆம்ப் சாக்கெட், தனி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் சுவிட்ச்), வேலை செய்கிற எர்த் ஆகியவற்றை வண்டி வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். எர்த் துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பக் கூடாது. எலெக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. சுட்டால் சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

வண்டியைத் தேர்வு செய்வதில் எல்லோரையும் மயக்குவது 'ஒரு சார்ஜுக்கு இத்தனை கி.மீ.' என்ற விளம்பர எண். அது சோதனைக்கூடத்துக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது பேட்டரி எத்தனை கிலோவாட் ஹவர், அதாவது எத்தனை யூனிட் கரண்ட் பிடிக்கும் என்பதை. சாதாரண ஸ்கூட்டர் நம் ஊர்ச் சாலையில் கிலோமீட்டருக்கு 25 முதல் 35 வாட் ஹவர் வரை தின்னும். 3 கிலோவாட் ஹவர், அதாவது 3,000 வாட் ஹவர் பேட்டரியை 30 ஆல் வகுத்தால் 100 கி.மீ. பின்னால் ஆள், மேம்பாலம், எதிர்காற்று எல்லாம் இதில் கைவைக்கும்; வருஷங்கள் போகப் போக பேட்டரியின் கொள்ளளவும் குறையும். தினமும் ஓடும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு ஓடக்கூடிய வண்டி போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் சும்மா சுமந்து திரியும் பேட்டரிக்குத்தான். மின்கட்டணத்தைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம்: தினம் 30 கி.மீ. ஓடினால் இரண்டு மாதத்துக்கு 60, 70 யூனிட் ஆகும். ஏற்கெனவே 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு மட்டும் யோசிக்கட்டும், அங்கே கட்டண ஸ்லாப் மாறும்.

'லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்' என்று விற்கப்படும் வண்டிகளுக்கு ஒரு வரையறை இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள். சில கடைகளில் "ஸ்பீடு லாக் எடுத்துத் தர்றோம், 45ல போகும்" என்பார்கள். லாக்கை எடுத்த கணத்திலேயே அது சட்டப்படி மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. பச்சை நம்பர் பிளேட் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தலையில். பிள்ளை டியூஷன் போக வாங்கித் தரும் பெற்றோர்தான் இந்த வலையில் அதிகம் விழுகிறார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வருகிற விஷயம் இது.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2022 கோடையில் நாட்டின் பல இடங்களில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியை மத்திய அரசு கடுமையாக்கியது. அது 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. பதிவு செய்யப்படும் வண்டியில், அதற்குப் பின் தயாரானதைத் தேடுவது நல்லது.

இனி சார்ஜர். பழைய லெட் ஆசிட் பேட்டரி இறந்ததும், "லித்தியம் போட்டுக்கலாம், வெயிட்டும் குறையும்" என்று உள்ளூரில் மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றுவதில் தப்பில்லை, பழைய சார்ஜரை அப்படியே வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. மேலே எல்லாவற்றிலும் '48 வோல்ட்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் 13 செல் வரிசை கொண்ட என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த) லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்புவது 54.6 வோல்ட்டில். 16 செல் வரிசை எல்.எஃப்.பி. (இரும்பு பாஸ்பேட் வகை) லித்தியம் பேட்டரி நிரம்புவது 58.4 வோல்ட்டில். லெட் ஆசிட் சார்ஜரும் 58, 59 வோல்ட் வரை தள்ளும். அதை என்.எம்.சி. பேட்டரியில் மாட்டினால், உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற சின்ன போர்டு ஒன்றுதான் விபத்தைத் தடுத்து நிற்கிறது. அது மலிவான போர்டாக இருந்து ஒரு ராத்திரி கைவிட்டால், செல் அளவுக்கு மீறி ஏறும். சார்ஜரின் அடியில் 'அவுட்புட்' என்று அச்சிட்ட எண்ணையும் பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஸ்டிக்கரே இல்லாத பேட்டரியை வாங்காதீர்கள். வீட்டில் இரண்டு எலெக்ட்ரிக் வண்டி இருந்தால் சார்ஜர்களுக்கு வேறு வேறு நிறத்தில் டேப் சுற்றி வையுங்கள். பின் பொருந்துகிறது என்பதற்காக மாற்றி மாட்டிவிடுபவர்கள் உண்டு.

ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போட வேண்டாம், அரை மணி நேரம் ஆறட்டும். என்.எம்.சி. என்றால் தினமும் 80, 90 சதவீதத்தில் நிறுத்துவது ஆயுளுக்கு நல்லது. எல்.எஃப்.பி.யை அவ்வப்போது நூறு வரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மீதிச் சார்ஜைக் காட்டும் அளவு பொய் சொல்லத் தொடங்கும். ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் விட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

ஓட்டுவதில், பெட்ரோல் வண்டிப் பழக்கத்தோடு வருபவர்கள் தடுமாறுவது நின்றுகொண்டிருக்கும்போதுதான். சத்தம் இல்லாததால் வண்டி ஆனில் இருப்பதே மறந்துவிடும். இறங்கி நின்று, ஹேண்டில்பாரைப் பிடித்து வண்டியைத் திருப்பும்போது வலது கை தன்னையறியாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும். வண்டி பாய்ந்து கேட்டில் மோதும். கால் வைக்கும் இடத்தில் நிற்கும் குழந்தையின் கை ஆக்ஸிலரேட்டரில் பட்டாலும் இதே கதைதான். காலைக் கீழே வைத்ததும் சாவியைத் திருப்பி வண்டியை ஆஃப் செய்யுங்கள். தெருவில் நடப்பவருக்கும், படுத்திருக்கும் நாய்க்கும் நீங்கள் வருவது கேட்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. டயர் காற்று, பிரேக், பெல்ட் வண்டியானால் பெல்ட்டின் இழுப்பு. பஞ்சர் கடையில் மட்டும் பக்கத்திலேயே நில்லுங்கள். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வண்டியில் அச்சு வழியாக மூன்று தடித்த ஒயர்கள் வெளியே வரும். கனெக்டரைக் கழற்றாமல் சக்கரத்தை இழுத்தால் அவை அறுந்துவிடும். திரும்ப மாட்டும்போது அச்சு நட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

பேட்டரியில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். அது புது பேட்டரியை நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் தேங்கிய சாக்கடை கலந்த வெள்ளத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மூழ்கிய வண்டியை ஆன் செய்யாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். வெளியே நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆட்களைக் கூப்பிடுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் பைப்பும் வேண்டாம்.

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எரிந்து, எழுந்த புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். வாசலிலோ மாடிப்படியின் கீழோ சார்ஜ் போடக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். தீப்பிடித்தால் வெளியே ஓட அந்த ஒரு வழிதான் இருக்கும். பேட்டரியிலிருந்து வெள்ளைப் புகையோ, சீறும் சத்தமோ, இனிப்பான கெமிக்கல் வாடையோ வந்தால் வண்டியைக் காப்பாற்றப் போகாதீர்கள். அந்தப் புகை விஷம். கைக்கு எட்டினால் மெயினை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112ஐ அழையுங்கள். பேட்டரி எரிகிறது என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள். பவுடர் தீயணைப்பு சிலிண்டர் மேல்தீயை அடக்கினாலும் உள்ளே செல்லின் சூட்டைத் தணிக்காது. அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும், அதைத் தீயணைப்பு வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள். அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்கூட மறுபடி பற்றும். அதைக் கட்டடத்தை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில்தான் வைத்திருக்க வேண்டும்.